சவாரி போகாத அம்பாசடர்

"இந்த ஸ்டாண்டுல ஒம்பது டாக்ஸிதான் நிக்கோணும்னு நகராட்சி உத்தரவுங்க. இங்க பத்து வண்டி நிக்குது. ஒண்ணை இன்னைக்கே எடுங்க," என்றார் அதிகாரி ஜெபக்குமார்.

பல்லடம் ரோட்டு டாக்ஸி டிரைவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தப் பழைய அம்பாசடரை எடுத்துருங்க. அது சவாரியே போறதில்லையாமே?" என்றார் ஜெபக்குமார்.

"அது நிக்கட்டுங்க சார். நான் வெளிய போயிக்கறேன்," என்றார் பாண்டித்துரை.

"சும்மா இருண்ணே. மூணு பொண்ணுகளை வச்சுக்கிட்டு எங்க போவ? நான் போறேன்," என்றான் தமீம்.

"ஸ்டாண்டை விட்டா உனக்கு எவன்டா சவாரி குடுப்பான்? வண்டிக்கு டியூ உங்க மாமனாரா கட்டுவாரு?" என்று அவனை அடக்கினார் பாண்டித்துரை.

ஜெபக்குமாருக்குக் கோபம் வந்தது. "சும்மா நிக்கற வண்டிக்காகப் பொழப்பையே விடறீங்களா? அது எந்தப் பெரிய மனுசன் வண்டி? யாருக்குப் பயப்படறீங்க?"

 பாண்டித்துரைதான் சொன்னார்.

"எங்க எல்லாரோடதும்தாங்க. போன வருசம் ஒரு பனியன் கம்பெனிப் பொண்ணைப் பிரசவ வலியோட இங்க தூக்கிட்டு வந்தாங்க. நாங்க அத்தனை பேரும் சவாரி போயிருந்தோம். அந்தப் பொண்ணு பொழைக்கலீங்க. அப்புறம்தான் எல்லாரும் சேர்ந்து இதை வாங்கினோம். ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் எடுப்போம், வாடகை வாங்கறதில்லை. தினம் ஒருத்தர் தன் சவாரியை விட்டுட்டு இதுக்குன்னே நிப்போம்."

ஜெபக்குமார் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்.

"வாடகை வாங்காத வண்டி டாக்ஸியே இல்லீங்க. அதை எடுக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது."