மஞ்சள் தடவிய உறை

"போன வருசம் முந்நூறு நோட்டீசு அனுப்பினேன், சேது. ஒரு ஆளு பிரிச்சானா? கச்சாங்காரன் அந்தக் கவரைப் பிரிக்காமலே பொட்டலமாச் சுருட்டி எனக்கே கடலை விக்கிறான்லா!"

ஜவுளிக்கடை முதலாளி அப்துல் கய்யூமுக்குக் கவலை. நாடு விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்குப் பிறகு வரும் முதல் தீபாவளி. காஜா பேராங் கடைத்தெருவில் புதிதாக இரண்டு கடைகள் முளைத்திருந்தன.

கடைச் சிப்பந்தி சேதுராமன் பழைய உறை ஒன்றைப் புரட்டினான். "பழுப்புக் கவர், டைப் அடிச்ச விலாசம். வரி கட்டச் சொல்லி வந்திருக்குன்னு பயந்து மூலையில சொருகிடுவாங்க, பாய்."

"அப்ப நீ பிரிக்க வச்சுக் காட்டு. தீபாவளிக்குக் கடை நிறைஞ்சா உன் வேலை நிரந்தரம்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சேதுராமன் அலைந்துகொண்டிருந்தான். வேலை நிரந்தரமானால்தான் மகள் சீதாவைக் கொடுப்பேன் என்று புக்கிட் பாருவில் இருக்கும் நடராஜன் கறாராகச் சொல்லியிருந்தார்.

சேதுராமன் வெள்ளை உறை வாங்கினான். விலாசங்களைக் கையாலேயே எழுதினான். கடைப் பெயரைப் போடவில்லை. கடைசியாக நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினான்.

"என்னப்பா இது, குழம்புக் கை பட்ட மாதிரி?"

"கல்யாணப் பத்திரிகைன்னு நினைப்பாங்க, பாய். பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாருன்னு தெரியாம எங்க ஆளுங்களுக்குச் சோறு இறங்காது."

கடை நிறைந்தது. "ஏமாத்துக்காரப் பயலே!" என்று அவன் காதைத் திருகிய அவன் தெரு அஞ்சலை அக்கா, கையோடு மூன்று சேலை எடுத்துப் போனாள். பொங்கலுக்கும் அதே மஞ்சள் உறை ஊர் முழுக்கப் போனது. வேலை நிரந்தரமானது. நடராஜனும் வாக்குத் தவறவில்லை.

தை கடைசியில் கோயில் மண்டபத்தில் கல்யாணம். பெண் வீட்டார் பக்கம் உட்கார இடமில்லை. மாப்பிள்ளை பக்கம் விரித்த பாயில் கய்யூம் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். அடுக்களையில் முந்நூறு பேருக்குச் சமையல் ஆறிக்கொண்டிருந்தது.

"உன் ஆளுங்க எங்கப்பா? நேர்ல போய் அழைச்சியா?"

"எதுக்கு பாய்? முந்நூறு பேருக்கும் தபால்ல போட்டேன். நான் போட்ட கவரைப் பிரிக்காத வீடு உண்டா?"

மேளச் சத்தம் கேட்டுச் சந்தைக் கூடையோடு எட்டிப் பார்த்த அஞ்சலை அக்கா, மணவறையைப் பார்த்ததும் அலறினாள். மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சீதா சிரித்தாள்.

"அடப்பாவி, மாப்பிள்ளை நீயா? இரு, ஓடிப்போய் எல்லாரையும் கூட்டியாறேன். மஞ்சக் கவரா, பாய் கடை நோட்டீசுதான்னு தெருவே அதைப் பிரிக்காம அடுப்புல போட்டிருச்சுலா!"