கப்டேனுக்கு விடை

நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உச்சீவா வைத்த ஒப்பாரியில், பட்டிக்குள் நின்ற ஆடுகள்கூட அசைபோடுவதை நிறுத்திவிட்டன.

"அண்ணன் செத்த அன்னிக்குக்கூட நீங்க இப்படி அழலியே, அண்ணி!" என்றான் கண்டேட்டு. விண்ட்ஹுக்கில் வாங்கிய பளபள ஷூவில் ஒட்டியிருந்த புழுக்கையைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க அண்ணன் பாதி நாள் சாராயக் கடையில கிடந்தாரு. என்கூடக் கிடந்தது இந்தக் கப்டேன்தான்."

முள்மர நிழலில் உட்கார்ந்திருந்த ஊர்த்தலைவர் சிரித்துவிட்டு, சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டார்.

அண்ணனைப் புதைத்த ஈரம் காய்வதற்குள், அவன் ஆடெல்லாம் தம்பிக்குத்தான் என்று வந்து நின்றான் கண்டேட்டு. விடமாட்டேன், கோர்ட்டுக்குப் போவேன் என்றாள் உச்சீவா. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான் அவன்.

"இழுத்தடிக்கிற வேலையே வேண்டாம், தலைவரே. இன்னிக்கு ராத்திரி ஆடு யார் பட்டியில படுக்குதோ, அவங்களுக்கே சொந்தம். அப்புறம் அண்ணியும் கேக்கக் கூடாது, நானும் கேக்க மாட்டேன்."

"சம்மதமாம்மா?" என்றார் தலைவர்.

உச்சீவா மூக்கைச் சிந்தினாள். "ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போகட்டும். என் நாயை மட்டும் விட்டுடச் சொல்லுங்க."

அதுவரை நாயைத் திரும்பியும் பார்க்காத கண்டேட்டு இப்போது பார்த்தான்.

"அதானே பார்த்தேன்! மேய்க்க ஆளே வேண்டாம், காலையில ஓட்டிக்கிட்டுப் போய் பொழுது சாய்ஞ்சா தானே திருப்பிக் கொண்டாந்துடும்னு ஊரே சொல்லுதே. இதை விட்டுட்டுப் போக நான் என்ன கிறுக்கனா? நாயும் வரும்!"

"கண்ணு திறக்காத குட்டியா வந்து, இந்தப் பட்டியில ஆட்டுப்பால் குடிச்சு வளர்ந்தவன், தம்பி…"

"என் பட்டியிலயும் பால் இருக்கு."

அவன் பட்டி வறண்ட ஆற்றைத் தாண்டி அரை நாள் நடையில் இருந்தது. உச்சீவாவோ விடை கொடுத்து முடிக்கிற வழியாக இல்லை. தகரத் தட்டில் புளித்த பால் ஊற்றினாள். கப்டேன் நக்கி முடித்ததும் மறுபடியும் ஊற்றினாள். அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உண்ணி பிடுங்க ஆரம்பித்தாள்.

"அண்ணி, உச்சி சாய்ஞ்சாச்சு! இருட்டுறதுக்குள்ள பாதி தூரமாவது போக வேண்டாமா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு, தம்பி. காதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டிருக்கு."

ஒருவழியாக எழுந்தாள். கண்டேட்டு நாயின் கழுத்தில் கயிறு போட்டுக் கழுதை வண்டியின் பின்னால் கட்டினான். 'ஹேய்' என்று கத்திப் பார்த்தான், கம்பால் தட்டிப் பார்த்தான். ஒரு ஆடுகூட நகரவில்லை.

"அவன் கட்டுல இருந்தா அதுங்க அசையாது. அவிழ்த்து விடுங்க," என்றாள் உச்சீவா.

முறைத்துக்கொண்டே அவிழ்த்துவிட்டான். கப்டேன் முன்னால் நடக்க, திறந்துவிட்ட தண்ணீர் மாதிரி மந்தை மொத்தமும் அதன் பின்னால் வழிந்தது. வேலியோரம் நின்று ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தது நாய்.

"போடா, உன் வேலையைப் பாரு," என்றாள். குரல் உடையவில்லை.

புழுதி அடங்குவதற்குள் பக்கத்து வீட்டு ஹில்டா ஓடிவந்தாள். "பைத்தியக்காரி! நாயைப் பத்தி வாயைத் திறக்காம இருந்திருந்தா அதுவாவது மிஞ்சியிருக்குமே. இப்ப இந்த வெறும் பட்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

புலம்பியபடியே ஹில்டா பட்டிக் கதவை இழுத்துச் சாத்தப் போனாள்.

உச்சீவா சால்வை நுனியால் முகத்தைத் துடைத்தாள். மாட்டுக் கொம்பு மாதிரி இருபுறமும் நீண்டு, கோணியிருந்த துணித் தொப்பியை நிமிர்த்தி வைத்தாள். "தலைவரே, கிளம்பிடாதீங்க. காப்பி போடறேன், சாட்சிக்கு நீங்க இருக்கணும்," என்றாள்.

"எதுக்கும்மா சாட்சி?"

முள்மர நிழல் வேலியைத் தொட்டிருந்தது. மேற்கே ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் ஹில்டாவின் பக்கம் திரும்பினாள்.

"கதவைச் சாத்தாதே. பொழுது சாய்ஞ்சா கப்டேன் ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்துடுவான்."