கப்பல் கதவு

“இன்னைக்கோட நிப்பாட்டிக்கிறேன் சிஸ்டர். அடுத்த வாரம் இந்தப் படுக்கைய வேற யாருக்காச்சும் கொடுத்துருங்க.”

முத்துவீரன் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். சிங்கம்புணரிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசிப் பழகிய தொண்டை. அவர் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸ் பாண்டீஸ்வரி பக்கத்துப் படுக்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

காரைக்குடியில் அந்த ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டில் யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? வாரத்துக்கு இரண்டு தடவை வர வேண்டும், பாதி நாள் மெஷினோடு கிடக்க வேண்டும், வீட்டுக்குப் போனால் தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். வராமல் நின்றுவிட்டால் கொஞ்ச நாளில் கதை முடிந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அலுத்துப்போகிறது, என்ன செய்ய.

பக்கத்துப் படுக்கையில் கோட்டையூர் சந்திரலேகா, போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். அந்தப் போர்வை மெல்ல விலகியது.

“என்னண்ணே பேச்சு இது?”

“வேற என்னத்தப் பேசச் சொல்ற ஆத்தா? வந்து வந்து போறதே பொழப்பாப் போச்சு. போதும்.”

அவள் தலைமாட்டில் கிடந்த புத்தகத்தை ஊசி இல்லாத கையால் எடுத்து நீட்டினாள். யாரோ வார்டில் விட்டுவிட்டுப் போனது என்று போன தடவை சிஸ்டர் கொடுத்ததாம். விஞ்ஞானக் கதை. எழுதியவர் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை, இதுதான் முதல் நாவலாம். அவளும் வேண்டாவெறுப்பாகத்தான் பிரித்தாளாம். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய், முடித்துவிட்டுத்தான் கீழே வைத்தாளாம்.

முத்துவீரன் முகத்தைச் சுளித்தார். ராக்கெட்டு கீக்கெட்டெல்லாம் தனக்கு ஒத்துவராது என்றார். பேப்பரில் தேங்காய் விலையைத் தவிர வேறெதையும் படித்துப் பழக்கமில்லை என்றார்.

“ராக்கெட்டுதான், ஆனா நம்ம கதைண்ணே. வேற கிரகத்துக்குப் போற கப்பல். ஆளுக்கு அளந்துதான் தண்ணி. அத எப்படி வாயில வச்சு வச்சு முழுங்குறாகன்னு எழுதியிருக்கு பாருங்க, எனக்கு நம்ம அளவு டம்ளருதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. அதுல ஒருத்தி, போதும்டா சாமின்னு கதவத் தெறந்துக்கிட்டு வெளிய குதிச்சிரலாம்னு போறா.”

“குதிச்சாளா?”

“படிச்சுப் பாருங்க. செவ்வாக்கெழம வந்து எங்கிட்டச் சொல்லணும். நிப்பாட்டுறதப் பத்தி அதுக்கப்புறம் பேசுவோம்.”

அவள் விடுவதாக இல்லை. முத்துவீரன் பெரிய அலுப்போடு புத்தகத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் செருகினார்.

செவ்வாய்க்கிழமை சந்திரலேகா அவருக்கு முன்பே வந்து படுத்திருந்தாள். போர்வை கால்மாட்டில் மடித்தபடியே கிடந்தது. கண்ணைப் பார்த்தால் சரியாகத் தூங்கியதாகத் தெரியவில்லை. வாசலில் முத்துவீரன் தலை தெரிந்ததும், “வந்துட்டீகளா” என்று பெருமூச்சு விட்டாள்.

படித்தேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை என்றார் அவர். கப்பலில் தண்ணீர் ஏன் குறைந்தது என்பதைத் தப்பாகச் சொன்னார், அவள் திருத்தினாள். கேப்டனைத் திருட்டுப்பயல் என்றார், அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. எதிர்வரிசையில் படுத்திருந்தவர், அது என்ன புத்தகம், தனக்கும் கிடைக்குமா என்று கேட்டார். அண்ணன் முடித்ததும் உங்களுக்குத்தான் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். மெஷின்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

“எல்லாஞ் சரி ஆத்தா. அந்தப் பொம்பள கதவு வரைக்கும் போயிட்டு எதுக்குத் திரும்பி வந்தா? போயிருந்தா நிம்மதிதானே? அதுமட்டும் எனக்கு வெளங்கல.”

சந்திரலேகா மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தபடி சொன்னாள்.

“நிம்மதிதான். மொதல்ல நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா கப்பல்ல அவ பக்கத்துப் படுக்கையில அந்தப் பெரியவர் இருக்காருல்ல? காலையில முழிச்சதும் அவகிட்டத்தான் ரெண்டு வார்த்த பேசுவாரு. அவ போயிட்டா அவரு யாருகிட்டப் பேசுவாரு? அதான் வந்துட்டா. தனக்குன்னு வரலண்ணே.”

சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது. முத்துவீரன் அதைப் பார்க்காதவர்போல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். கதவுக்கு அப்புறம் தான் இன்னும் படிக்கவில்லை என்றார். வெள்ளிக்கிழமை அவள் வந்து விளக்கிச் சொல்வதாக இருந்தால் மேற்கொண்டு படிக்கலாம், இல்லாவிட்டால் இத்தோடு விட்டுவிடலாம் என்றார்.

“நான் வாரேன். நீங்க வந்தாப் போதும்.”

மெஷினிலிருந்து விடுபட்டு, கோட்டையூர் பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்டவள், வாசல்வரை போய்த் திரும்பி வந்து வெள்ளிக்கிழமையை மறுபடி ஞாபகப்படுத்திவிட்டுப் போனாள்.

பாண்டீஸ்வரி முத்துவீரன் கையிலிருந்து ஊசியை எடுத்துவிட்டு, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தாள்.

“ஐயா, போன வாரம் அந்தக் கோட்டையூரு அக்கா ‘இனிமே வரமாட்டேன், என்னைய விட்டுருங்க சிஸ்டர்’னு எங்கிட்ட அழுதாக. நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே கெடந்தீக? இன்னைக்கு அதப் பத்தி மூச்சு விடலையே அவுக. அவுகளுக்குக் கொடுக்கச் சொல்லி நீங்க எங்கிட்டத் தந்த பொஸ்தகமும் உங்ககிட்டயே வந்துருச்சு. இன்னும் எம்புட்டு நாளைக்கு இந்த நடிப்பு?”

முத்துவீரன் பல தடவை படித்து முடித்திருந்த அந்தப் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“அந்தப் புள்ள என்னையக் காப்பாத்தி முடிக்கிற வரைக்கும் தாயி.”