பள்ளம் போட்ட கம்பி

"எந்தக் கம்பியை உள்ளே விடப்போறீங்க? முதல்ல அதைக் காட்டுங்க!"

ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய அறையில், சக்கரக் கட்டிலில் படுத்திருந்தவர் அடம்பிடித்தார். இன்னும் பத்தே நிமிடத்தில் அவருடைய வலது முழங்கால் மூட்டை மாற்றப்போகிறார்கள்.

மயக்க மருந்து கொடுக்க வந்த பெண் டாக்டர், சீல் வைத்த பையோடு ஒரு கம்பியைத் தூக்கிக் காட்டினார்.

"இதுதான் சார். தொடை எலும்புக்குள்ள விட்டு, எந்தக் கோணத்துல அறுக்கணும்னு பார்த்துட்டு வெளியே எடுத்துடுவாங்க."

"இந்த வழவழக் கம்பியா? எனக்கு நெடுகப் பள்ளம் போட்டதுதான் வேணும்!"

"பள்ளம் எதுக்கு சார்?"

"எதுக்காவா? எலும்புக்குள்ள இருக்குற கொழுப்பு வெளியே வர வழி வேணாமா? இதை அடிச்சு இறக்கினா, அது ரத்தத்துல புகுந்து நேரா நுரையீரலைப் போய் அடைக்கும். மூட்டுக்கு வந்தவன் மூச்சுக்குத் திண்டாடணுமா?"

"அதெல்லாம் வேலையில்லாதவங்க கிளப்பிவிடுற புரளி சார். ஆக்சிஜன் கொஞ்சம் இறங்கும், தானா ஏறிடும்."

"கொஞ்சமா? முப்பது வருஷம் சிகரெட் பிடிச்ச நுரையீரல்மா இது!"

"இருபது வருஷமா எல்லாருக்கும் இந்தக் கம்பிதான். யாராவது புகார் சொன்னாங்களா?"

படுத்திருந்தவர் கதவுப் பக்கம் திரும்பினார். எழுந்து கம்பி நீட்டிவிடலாம் என்றால் முழங்கால் ஒத்துழைக்காது. பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரமப்பட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளம் போட்டது இருக்கா, இல்லையா?"

"உங்க ஒருத்தருக்காக எப்படி சார்? எல்லாருக்கும் அதுதான்னு ஆனா, உங்களுக்கும் கிடைக்கும்."

"அப்போ எல்லாருக்கும் மாத்தித் தொலைங்க! எங்கே கையெழுத்துப் போடணும்?"

கேட்டு வாய் மூடவில்லை, காகிதமும் பேனாவும் நீட்டப்பட்டன. படுத்தபடியே கிறுக்கினார். நர்ஸ் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, தட்டின் மேல் துணியை விலக்கினாள். பள்ளம் போட்ட புத்தம்புதுக் கம்பி காலையிலிருந்தே தயாராக இருந்தது.

படுத்திருந்தவருக்குப் போன உயிர் திரும்பியது. கூடவே கோபமும் வந்தது.

"புரளியாம், தானா ஏறிடுமாம்! ஒரு டாக்டர் பேசுற பேச்சா இது?"

"என் பேச்சு இல்ல சார். பள்ளம் போட்ட கம்பி வேணும்னு நான் மூணு தடவை எழுதிக் கேட்டப்போ, மூணு தடவையும் நீங்க எழுதித் திருப்பி அனுப்பின பதில்" என்றபடியே, அந்த ஆஸ்பத்திரியின் மூட்டு மாற்றுப் பிரிவுத் தலைமை டாக்டருக்கு மயக்க ஊசியைப் போட்டார் அவர்.