வழக்கமான எரிச்சல்

அடிக்கடி பறப்பவர்களின் பைகளைச் சென்னை விமான நிலையத்துச் சோதனை வாசல் இப்போதெல்லாம் பார்ப்பதில்லை. அவர்களுடைய வழக்கமான மனநிலையை மட்டும் பார்த்துவிட்டுத் திறந்துவிடும். நெல்லையப்பன் நான்கு ஆண்டுகளாக, வாரந்தோறும், எரிச்சலோடு தூத்துக்குடிக்குப் பறப்பவர். இன்று காலை அங்கே அவருக்கு மகள் பிறந்திருந்தாள். வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இது நீங்க இல்லன்னு சொல்லுது சார்," என்றார் காவலர் ஜெசிந்தா.

"பிள்ளையப் பாக்கணும்மா. இருபது நிமிஷத்துல ஃப்ளைட்டு."

"அப்ப கொஞ்சம் கடுப்பாகுங்க."

நெல்லையப்பன் கண்ணை மூடித் தன் மேலாளரை நினைத்துப் பார்த்தார். அந்த மனிதர்கூட இன்று நல்லவராகத் தெரிந்தார். மறுபடியும் சிவப்பு. ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்தார்.

"வீட்ல உங்களுக்கு ஆகாதவங்க யாரு சார்?"

"மச்சினன்."

"போனப் போடுங்க."

மச்சினன் உற்சாகமாக எடுத்தான். "அத்தான், நீங்க எப்பவும் வானத்துலயே கெடக்கீங்கல்லா, அதான் பிள்ளைக்கு விமானிகான்னு பேரு வச்சு ஆஸ்பத்திரியில எழுதியும் குடுத்துட்டேன்."

பச்சை விளக்கு எரிந்து வாசல் திறந்தது.

"ஓடுங்க சார், விமானிகா காத்திருப்பா," என்றார் ஜெசிந்தா.

நெல்லையப்பன் திரும்பி முறைத்த முறைப்பில், அதற்கடுத்த வாசலும் தானாகத் திறந்துகொண்டது.