பேட்டும் ரப்பரும்

ஒரு பிள்ளையின் இங்கிலீஷ் நோட்டில் ‘பேட்’ என்ற சொல் குடியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கிரிக்கெட் மட்டையும் ஒரு வௌவாலும் வரையப்பட்டிருந்தன. ஒருநாள் ரப்பர் வந்து நின்றது.

“என்னடி இது, ஒரு பேருக்கு ரெண்டு படம்? மேல் வரி ‘கேட்’டைப் பாரு, ஒத்தப் பூனையோட அடக்கமா இருக்கா. ஒன்னை வச்சுக்க, இன்னொன்னை அழிச்சுடறேன்.”

மட்டையும் வௌவாலும் பேட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

“என் பேரைச் சொன்னா ரெண்டும்தான்க்கா திரும்பிப் பாக்குது. எதை இல்லேங்கறது? அழிக்கணும்னா மொதல்ல என்னை அழி. அப்புறம் இதுகளுக்கு ஆளுக்கொரு பேரு நீயே எழுதிக் குடு.”

ரப்பர் பென்சில் டப்பாவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்கு எழுத வராது.