எழுந்து உட்காராத பொம்மை

ஜவ்வாது மலையின் துணை சுகாதார நிலையத்தில், பயிற்சிச் செவிலி எஸ்தரின் காதில் மாட்டியிருந்த பயிற்சிக் கருவி மூன்றாம் முறையாக அதட்டியது: "தாயை மல்லாக்கப் படுக்க வையுங்கள். மதிப்பெண் குறைகிறது."

பிரசவ வலியில் தங்காயி கட்டில் காலைப் பிடித்துக் குந்தியிருந்தாள். "படுத்தா உசுரு போவுது சிஸ்டர். குந்தினாத்தான் முக்க முடியுது."

எஸ்தர் பழகியதெல்லாம் பிளாஸ்டிக் பொம்மையிடம். அதற்கு முந்நூறு முறை பிரசவம் பார்த்திருக்கிறாள்; அது ஒருமுறைகூட எழுந்து உட்கார்ந்ததில்லை.

"அப்படியே முக்கு தங்காயி," என்று எதிரே மண்டியிட்டாள்.

குழந்தை அவள் கைகளில் வழுக்கி வந்து வீறிட்டது.

"பயிற்சியில் தோல்வி," என்றது கருவி. "மீண்டும் பொம்மையிடம் பழகவும்."

எஸ்தர் அதைக் கழற்றித் தங்காயியின் வாயருகே நீட்டினாள். "நீயே இதுக்குப் பாடம் எடு. இது இன்னும் பொம்பளையப் பாத்ததில்ல."